நாலு நிற மிளகு

ஒரு கரண்டி சாஸ். அதை நாக்கில் வைத்த மூன்றாவது நிமிடம் அண்ணி பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அது நேற்று மத்தியானம்.

இன்று காலை எட்டு மணிக்கு அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டைக்குள் குழாயோடு, கண் மூடிக் கிடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கணவன். அவனுடைய அம்மா. அவனுடைய தங்கை சின்னு.

சாஸைச் சமைத்தவள் சின்னு.

அண்ணிக்கு முந்திரி ஆகாது. ஒரு துணுக்கு போதும், தொண்டை வீங்கி மூச்சடைத்துவிடும். குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். நேற்று டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார்.

"சாஸ்ல முந்திரி இருந்ததா?"

"இல்ல டாக்டர்" என்றாள் சின்னு. போட்ட ஒன்பது பொருளையும் வரிசையாக ஒப்பித்தாள்.

"எங்கேயோ இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். அவர் சொன்னது வெளியிலேயே நின்றுவிட்டது.

அம்மா பிளாஸ்கைத் திறந்தாள். ஊற்றாமல் மூடினாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லு. ஒரு கை போட்டுட்டியா?"

"இல்லம்மா."

"கெட்ட எண்ணத்துல போட்டேன்னு சொல்லல. ருசிக்காக. உன் கைக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, எனக்குத் தெரியாதா."

"போடலம்மா."

"மூணு வாரம் முன்னாடி அவ முகத்துக்கு நேரா சொன்னியே. முந்திரி இல்லாத சாஸும் சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பும் ஒண்ணுன்னு."

"சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். அண்ணியும் சிரிச்சாங்க."

"அவ சிரிச்சா. நான் சிரிக்கல."

அண்ணன் இரண்டு முழங்கைகளையும் முட்டியில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று உடுத்திய சட்டை. ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"கடைச் சாவியைக் குடு" என்றான் தரையிடம்.

"எதுக்கு?"

"ஆறு மணிக்கு அவ அப்பா வர்றார். என் பொண்ணுக்கு எதைக் குடுத்தீங்கன்னு கேப்பார். நான் என்ன சொல்லட்டும்?"

"தெரியலன்னு சொல்லு."

"தெரியலன்னா நேரா போலீஸுக்குப் போவார். அவர் ஆள் எப்படின்னு உனக்குத் தெரியும்."

"அப்போ ஆறு மணி வரைக்கும் சாவி என்கிட்டயே இருக்கட்டும். அந்தச் சாஸை மறுபடி வெக்கிறேன். ஒவ்வொரு பொருளா எடுத்துப் பாக்குறேன். எதுல இருந்ததுன்னு தெரிஞ்சிடும்."

"வேண்டாம்" என்றான் அண்ணன். சட்டென்று வந்தது அது. பிறகு குரலை இறக்கினான். "இனிமே அந்த அடுப்புக்கிட்ட நீ போக வேண்டாம்."

"ஆறு மணி வரைக்கும்தானே."

"ஒண்ணும் கிடைக்கலன்னா?"

"சாவியை உன் கையில குடுத்துட்டுப் போயிடறேன். கடையும் வேண்டாம், வீடும் வேண்டாம்."

என்னடி பேச்சு இது என்று அம்மா அதட்டுவாள் என எதிர்பார்த்தாள். அம்மா பிளாஸ்கின் மூடியை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

சின்னு எழுந்து போனாள்.

*

கடை என்றால் பத்து மேஜை. பால், வெண்ணெய், முட்டை, இறைச்சி எதுவும் நுழையாத வீகன் சமையல். ஆனால் ஆட்கள் கொள்கைக்காக வரவில்லை. சுட்ட காலிஃபிளவரின் மேல், வதக்கிய காளானின் மேல், தோலோடு வெந்த உருளைக்கிழங்கின் மேல் சின்னு ஊற்றும் மிளகு சாஸுக்காக வந்தார்கள்.

முன்பெல்லாம் அதை முந்திரிப் பாலில் வைப்பாள். கெட்டியாக, வழவழவென்று, வெண்ணெய் போட்டதாகச் சத்தியம் செய்வார்கள் சாப்பிட்டவர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் அண்ணி கல்யாணமாகி வந்தாள். முந்திரி டப்பா வெளியே போனது. அதை அரைத்த மிக்ஸி ஜார் போனது. மரக்கரண்டிகள் போயின. சின்னு சூரியகாந்தி விதையை ஊறவைத்து அரைக்க ஆரம்பித்தாள். முதல் தடவை சாஸ் சாம்பல் நிறத்தில் வந்தது. பதினாறாவது தடவை, வேகவைத்த உருளைக்கிழங்கில் பாதியும் ஒரு எலுமிச்சையும் சேர்த்த பிறகு, தட்டுகள் வழித்த மாதிரி திரும்பி வந்தன.

சரக்கெல்லாம் அண்ணியின் பொறுப்பு. கவரில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பாள். அரைத்த ஆலைக்கே போன் போட்டு, அதே மிஷினில் முந்திரி ஓடுகிறதா என்று கேட்பாள். திருப்தியானால் டப்பாவின் மேல் பச்சை டேப் ஒட்டிக் கையெழுத்துப் போடுவாள். டேப் இல்லாத டப்பா அடுப்புக்கு வரக்கூடாது.

"கஸ்டம்ஸ் ஆபீஸர் வந்தாச்சு" என்பாள் சின்னு.

"பாஸ்போர்ட் எங்கே?" என்று டப்பாவைப் பார்த்துக் கேட்பாள் அண்ணி.

சமையலறை நேற்று விட்டபடியே இருந்தது. அடுப்பின் மேல் சாஸ் ஏடு கட்டிக் கிடந்தது. கரண்டி தொட்டிக்கடியில். ஆம்புலன்ஸ் ஆட்கள் கிழித்துப் போட்ட ஊசி உறை ஒன்று, அதன் பக்கத்தில்.

பழைய சாஸை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடினாள். யாராவது பரிசோதிக்கக் கேட்கலாம். பிறகு ஒன்பது பொருளையும் மேடையில் வரிசையாக வைத்தாள். எண்ணெய், வெங்காயம், பூண்டு, காய்ந்த காளான், சூரியகாந்தி விதை, உருளைக்கிழங்கு, எலுமிச்சை, உப்பு, மிளகு. டேப் ஒட்ட வேண்டியதில் எல்லாம் ஒட்டியிருந்தது.

சூரியகாந்தியை முதலில் சந்தேகப்பட்டாள். ஆலைக்குப் போன் செய்தாள். எடுத்தவன் அலுத்துக்கொண்டான். "உங்க மேடம் மாசாமாசம் இதையேதானே கேக்குறாங்க. எங்ககிட்ட ஓடுறது சூரியகாந்தி மட்டும்தான். முந்திரி வாங்க எங்களுக்கு வக்கும் இல்ல." எண்ணெய் அந்த ஆலையுடையதே. காளானை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

சரி, வைத்தே பார்ப்போம் என்று அடுப்பை மூட்டினாள்.

வெங்காயம் எண்ணெயில் மெதுவாக வதங்கி நிறம் மாற இருபது நிமிடம். அதை அவசரப்படுத்தினால் சாஸ் இனிக்காது. காளான் ஊறிய தண்ணீர் தனியாகக் கொதித்தது. மிளகை அவள் இரண்டு தடவை போடுவாள். வெறும் சட்டியில் சூடு காட்டி, சின்ன உரலில் ஒன்றிரண்டாக இடித்து, பாதியை வெங்காயத்தோடு போடுவாள். அது காரத்துக்கு. கொதியில் அதன் வாசனை ஓடிவிடும். மீதிப் பாதி இறக்கும்போது. அது வாசனைக்கு.

டப்பாவிலிருந்து ஒரு கை மிளகை வெறும் சட்டியில் போட்டாள்.

கறுப்பு. வெள்ளை. பச்சை. ரோஸ்.

சட்டி சூடேறியது. கறுப்பு மிளகு மூக்கைத் தொடும் முன்பே ரோஸ் நிற மணிகளின் தோல் கருகிச் சுருண்டது. நேற்றும் இப்படித்தான் ஆயிற்று. நிறம் போய்விட்டதே என்று இறக்கும்போது அந்த மணிகளை மட்டும் பொறுக்கி ஒரு கரண்டி நிறைய, சூடு காட்டாமல் இடித்துத் தூவினாள்.

அடுப்பை அணைத்தாள்.

டப்பாவிலிருந்து ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கறுப்பு நாக்கின் நுனியிலிருந்து அடிவரை எரித்தது. வெள்ளை மெதுவாக, பின்தொண்டையில். பச்சை இலை வாசத்தோடு. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அது தெரிந்தது. நான்காவது காகிதம் போல நொறுங்கியது. இனித்தது. பிசின் மணத்தது. எரிக்கவே இல்லை.

போன திங்கட்கிழமை அண்ணன் ஒரு பையோடு வந்தான். அண்ணி அப்போது முன்னறையில் யாருக்கோ மேஜை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலு நிறம் பாரு" என்றான். "மேல தூவினா போட்டோவுல அள்ளும்."

"டேப் ஒட்டணுமே."

"மிளகு டப்பாவுல ஏற்கெனவே ஒட்டியிருக்கே. மிளகு மிளகுதானே."

அடியில் கொஞ்சம் கறுப்பு மிளகு மிச்சமிருந்த டப்பாவில் அவன் பையைக் கொட்டினான். சின்னு பார்த்துக்கொண்டு நின்றாள். மிளகு மிளகுதானே என்றுதான் அவளும் நினைத்தாள். நேற்று டாக்டரிடமும் மிளகு என்றுதான் சொன்னாள். என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை.

அண்ணி கேட்டிருப்பாள். ஆனால் நேற்று கரண்டியை எடுக்கும் முன் அவள் டப்பாவைப் பார்த்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள். "நிறம் நல்லா வந்திருக்கே சின்னு" என்றாள்.

*

மசாலா மொத்த வியாபாரக் கடை இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. கடைக்காரி கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். சின்னு உள்ளங்கையை விரித்தாள்.

"அக்கா, இது என்ன?"

"ரோஸ் மிளகு. பேருதான் மிளகு. மிளகுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

"அப்படின்னா?"

"கறுப்பு, வெள்ளை, பச்சை மூணும் ஒரே கொடியில வர்றது. காயைப் பறிச்சு நிறம் போகாம காப்பாத்தினா பச்சை. வெயில்ல போட்டா கறுப்பு. பழுக்க விட்டுத் தோலை உரிச்சா வெள்ளை. இது கொடியே இல்ல, மரம். முந்திரி மரத்துக்குச் சொந்தக்காரன்."

ஊசி மூட்டையில் ஏறி இறங்கியது. சின்னு அதையே பார்த்தாள்.

"என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

"எங்க அண்ணிக்கு முந்திரி ஆகாது. நேத்து இதைச் சாப்பிட்டாங்க."

கடைக்காரி ஊசியை மூட்டையிலேயே விட்டுவிட்டாள். "இருக்காங்களா?"

"இருக்காங்க. குழாய் போட்டிருக்கு."

"எந்தக் கடை உங்களுது?"

சின்னு சொன்னாள்.

"நீல ஸ்கூட்டர். நெத்தியில தழும்பு."

"எங்க அண்ணன்."

"திங்கக்கிழமை நாலு நிறமும் கலந்து அரைக் கிலோ வாங்கிட்டுப் போனார். நான் சொன்னேனேம்மா. ஓட்டலுக்குன்னு வாங்குற யாருக்கும் நான் சொல்லாம குடுத்ததில்ல. முந்திரி ஆகாதவங்களுக்கு இதைப் போட்டுடாதீங்கன்னு சொல்லித்தான் பையைக் கட்டினேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"தலையை ஆட்டினார். காதுல போன். எனக்கு ஆட்டினாரா, போனுக்கு ஆட்டினாரா, அது அவருக்குத்தான் தெரியும்."

கடைக்காரி கொஞ்சம் ரோஸ் மணிகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். "டாக்டர்கிட்ட காட்டு. இதைத்தான் சாப்பிட்டாங்கன்னு சொல்லு." பிறகு வாசல் வரை வந்தாள். "நான் சொன்னேன்மா. என்னை எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்லுவேன்."

பஸ்ஸில் சின்னுவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவள் உட்காரவில்லை. தான் போடவில்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒன்றும் லேசாகவில்லை.

*

ஆஸ்பத்திரி மாடிப்படித் திருப்பத்தில் ஒரு தண்ணீர் மிஷின் இருந்தது. அண்ணன் அங்கே காகிதக் கோப்பையோடு நின்றான். மணி ஐந்தரை.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"மிளகுன்னுதான் நெனச்சேன்" என்றான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அப்போ நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல."

"கடையில சொல்லியிருக்காங்க."

"போன்ல இருந்தேன் சின்னு. பாதிதான் காதுல விழுந்தது."

விழுந்திருக்கிறது. அவள் அதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எப்போ ஞாபகம் வந்தது உனக்கு?"

அவன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் தண்ணீர் இல்லை.

"டாக்டர் கேட்டாரே. அப்போ."

"நேத்தா?"

"நேத்து."

"என் பக்கத்துலதான் நின்ன."

"நீ இல்லன்னு சொல்லிட்ட. அப்புறம் அம்மா உன்னைப் பாத்தா. நான் வாயைத் திறக்கணும்னுதான் இருந்தேன். ஒரு நிமிஷம் போச்சு. அப்புறம் ஒரு மணி நேரம் போச்சு. அதுக்கப்புறம் எப்படித் திறக்குறது."

"அதான் காலையில போக வேண்டாம்னியா?"

கோப்பை அவன் கையில் நசுங்கியது.

"நான் வாங்கினதை நானே சொல்லிடறேன். உன் பேரே வராது. அம்மாகிட்டயும் சொல்றேன். கடைக்காரி சொன்னதை மட்டும் விட்டுடு. தெரியாம பண்ணேன்னா உன் அண்ணி பொறுத்துப்பா. தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னா, இனி என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டா."

"இனி எப்படி அண்ணா அவங்க யார் கையாலயும்..."

"சின்னு. நாலு வருஷம்தான் ஆகுது எங்களுக்கு."

மேலே கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "குழாயை எடுத்தாச்சு. முழிச்சிருக்காங்க. ரெண்டு பேர் மட்டும் வாங்க."

*

டாக்டர் படுக்கையின் கால்மாட்டில் நின்று காகிதத்திலிருந்த மணிகளை விரலால் உருட்டினார். சின்னு சொன்னதை எழுதிக்கொண்டார். பழைய சாஸ் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"நேத்தே இது தெரிஞ்சிருந்தா எங்களுக்கு எவ்வளவோ உதவியா இருந்திருக்கும்" என்றார். "விடியறதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவை வீங்கிடுச்சு. எது பண்ணுதுன்னு தெரியாமதான் போராடினோம்."

அவர் யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

ரெண்டாவது தடவை. அந்த நேரத்தில் அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தான். சின்னு அவன் பக்கம் திரும்பவில்லை.

அண்ணியின் உதடுகள் இன்னும் தடித்திருந்தன. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"முந்திரியா?"

"இல்ல அண்ணி. ரோஸ் மிளகு. அது மிளகே இல்லையாம். முந்திரிக்குச் சொந்தமாம்."

"நான்தான் வாங்கினேன்" என்றான் அண்ணன். முட்டி போட்டுப் படுக்கை உயரத்துக்கு வந்திருந்தான். "மிளகுதானேன்னு டப்பாவுல கொட்டிட்டேன்."

"கொட்டும்போது நான் பாத்தேன்" என்றாள் சின்னு. "பாத்துட்டுத்தான் இடிச்சேன்."

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விரிப்பின் மேல் அவள் கை நகர்ந்து வந்து அண்ணனின் கையைத் தொட்டது. ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது.

"தெரியாமத்தானே."

அண்ணன் அழுதான். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்று சின்னுவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அழாதீங்க" என்றாள் அண்ணி. கண்ணை மூடினாள். போதும், இத்தோடு முடிந்தது என்று தோன்றியது. ஆனால் ஆலைக்கு மாதாமாதம் போன் போடுகிறவள் அவள். கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"கடையில ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல" என்றான்.

"பையில ஒண்ணும் எழுதியிருக்கலையா?"

"இல்லம்மா. வெறும் பை."

அண்ணி கண்ணைத் திறந்தாள். "நீ அங்க போனியா சின்னு?"

"போனேன் அண்ணி."

"என்ன சொன்னாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்வது சுலபம். அப்படிச் சொன்னால் நாளையோ நாளை மறுநாளோ அடுப்பு மூட்டலாம். அம்மா பிளாஸ்கிலிருந்து ஊற்றித் தருவாள். அண்ணன் ஆயுசுக்கும் அவளுக்குக் கடன்பட்டிருப்பான். இந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அவன் கையிலிருந்து தட்டை வாங்கிச் சாப்பிடுவாள்.

"சொல்லித்தான் குடுத்திருக்காங்க" என்றாள் சின்னு.

அண்ணி கையை எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன்தான் தன் கையை இழுத்துக்கொண்டான்.

தலைமாட்டு மிஷினில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அண்ணனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று தோன்றியது சின்னுவுக்கு.

"சிஸ்டர்" என்றாள் அண்ணி. நர்ஸ் குனிந்தாள். "எங்கப்பா வந்துட்டாரா பாருங்க. வந்தா அவரை மட்டும் உள்ள விடுங்க."

"இவங்க ரெண்டு பேரும்?"

"போகட்டும்."

வெளியே அம்மா எழுந்து நின்றாள். "என்னடி சொன்னா?" என்றாள் சின்னுவிடம். அண்ணனிடம் கேட்கவில்லை. இன்னமும் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வராந்தாக் கோடியில் லிஃப்ட் திறந்தது. அண்ணியின் அப்பா பயணப் பையோடு இறங்கினார். மூன்று பேரையும் பார்த்தார். பையைக் கீழே வைக்காமல் நேராக அவர்களை நோக்கி நடந்து வந்தார்.

அண்ணன் ஓர் அடி நகர்ந்து சின்னுவுக்குப் பின்னால் போய் நின்றான்.